நெளிந்த ஃப்ரெட் போட்டால் கிட்டாரின் சுருதி சேருமா?

நீங்கள் கேட்டது இது: "ட்யூனர் வைத்து ஆறு கம்பியையும் பச்சை விளக்கு எரியும்வரை சேர்க்கிறேன். ஆனாலும் இ மேஜர் கார்டில் ஏதோ உறுத்துகிறது. ஜி கம்பியைக் கொஞ்சம் இறக்கினால் இ மேஜர் இனிக்கிறது, உடனே சி மேஜர் கெட்டுவிடுகிறது. நெளிநெளியாக ஃப்ரெட் போட்ட கிட்டார் ஒன்றையும், விசிறி போல ஃப்ரெட்டுகள் சாய்ந்த இன்னொன்றையும் வீடியோவில் பார்த்தேன். அப்படி ஒன்று வாங்கினால் இது தீருமா? தம்புரா போட்டுக்கொண்டு ராகம் வாசிக்கவும் உதவுமா?"

ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, வீணையின் மெட்டு மாதிரி. விசிறி ஃப்ரெட்டுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமே கிடையாது. நெளிந்த ஃப்ரெட் ஓரளவு உதவும், முழுதாகத் தீர்க்காது. தம்புராவோடு வாசிக்க இரண்டுமே வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம், ஆனால் கையில் கிட்டாரும் ஒரு ஸ்கேலும் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நட்டிலிருந்து (கழுத்தின் நுனியில் கம்பிகள் தங்கும், பள்ளம் வெட்டிய கட்டை) சேடில் வரை (உடல் பக்கம் கம்பிகள் தங்கும் கட்டை) 648 மி.மீ. உள்ள கிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையின் அளவு அதுதான். ஜி கம்பியை ஏழாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் சும்மா தொட்டு, மீட்டியதும் விரலை எடுங்கள். மணி அடித்தது போல ஹார்மோனிக் வரும். அந்தப் புள்ளி கம்பி நீளத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 216 மி.மீ. ஏழாவது ஃப்ரெட் இருப்பது 215.5 மி.மீ.யில். அரை மி.மீ. வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

இப்போது அதையே நாலாவது ஃப்ரெட்டில் செய்யுங்கள். நேர் மேலே தொட்டால் மொண்ணையாக ஏதோ வரும். விரலை நட் பக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டே மீட்டுங்கள். கிட்டத்தட்ட 4 மி.மீ. தள்ளியதும் பளிச்சென்று ஒரு ஸ்வரம் எழும். அந்த இடம் கம்பி நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு: 129.6 மி.மீ. ஃப்ரெட் இருப்பதோ 133.7 மி.மீ.யில். உங்கள் இ மேஜர் உறுத்துவதற்கான காரணம் முழுக்க இந்த 4 மி.மீ.க்குள்தான் இருக்கிறது.

தம்புராவின் மந்தர ஸட்ஜத்தைக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் அதற்குள்ளிருந்து எழும். சுயம்பு காந்தாரம் என்று சொல்வார்களே, அது. நீங்கள் இப்போது ஜி கம்பியில் கேட்டதும் அதே உறவுதான். ஆதார ஸ்வரத்துக்கு 5/4 விகிதம். நாலாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் காந்தாரம் அதைவிடச் சற்று உயரம். சுருதியை அளக்க ஓர் ஆக்டேவை 1200 சென்ட்டாகப் பிரிப்பது வழக்கம். ஒரு ஃப்ரெட்டுக்கு 100 சென்ட். சுயம்பு காந்தாரம் 386 சென்ட், ஃப்ரெட்டின் காந்தாரம் 400. அந்த 14 சென்ட்டின் உடல் வடிவம்தான் ஸ்கேலில் பார்த்த 4 மி.மீ.

இதைக் காதால் எண்ணவும் முடியும். ஜி கம்பியில் இப்போது கண்டுபிடித்த ஹார்மோனிக்கையும், பி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் ஒன்றாக மீட்டுங்கள். ட்யூனர்படி சேர்த்த கிட்டாரில் முதலாவது 980 ஹெர்ட்ஸ், இரண்டாவது 988 ஹெர்ட்ஸுக்கு ஒரு பொட்டுக் குறைவு. இரண்டும் மோதி நொடிக்கு எட்டு முறை "வவ்வவ்வவ்" என்று அதிரும். கிட்டார் பழுதாகி அப்படி அதிரவில்லை. சரியாகச் சேர்த்த கிட்டார் அப்படித்தான் அதிர வேண்டும்.

அப்படியென்றால் எல்லா ஃப்ரெட்டையும் 5/4, 3/2 என்று சுத்த விகிதத்தில் அடித்துவிட்டால் என்ன? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. சி-யிலிருந்து ஒரு சுத்த காந்தாரம் ஏறினால் இ. அதிலிருந்து ஒன்று ஏறினால் ஜி ஷார்ப். இன்னொன்று ஏறினால் மேல் சி வந்தாக வேண்டும். ஆனால் மூன்று 386 சேர்ந்தால் 1159 தான். ஆக்டேவுக்கு 41 சென்ட் குறைகிறது. ஒரு அரை ஸ்வரத்தில், அதாவது ஒரு ஃப்ரெட் தூரத்தில், ஏறக்குறைய பாதி! குட்டைப் போர்வை மாதிரி: தலையை இழுத்து மூடினால் கால் தெரியும். இந்தக் குறையை யார் தலையில் எவ்வளவு கட்டுவது என்று பங்கு பிரிக்கும் முறைக்குத்தான் டெம்பரமென்ட் என்று பெயர். இன்று நாம் வாசிக்கும் கிட்டாரில் பன்னிரண்டு ஃப்ரெட்டும் சம பங்கு வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு ஃப்ரெட்டும் முந்தையதைவிட 1.0595 மடங்கு உயரம். பஞ்சமம் 2 சென்ட் மட்டும் விட்டுக்கொடுக்கிறது, காந்தாரம் 14 சென்ட் விட்டுக்கொடுக்கிறது. இ மேஜரில் ஜி கம்பியின் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும் ஜி ஷார்ப்தான் இ-யின் காந்தாரம். நீங்கள் ஜி கம்பியை இறக்கி இ மேஜரில் அந்த 14-ஐ மீட்டுக்கொண்டீர்கள்; சி மேஜரில் அதே ஜி திறந்த கம்பியாக வந்து பஞ்சமமாக நிற்க வேண்டியிருந்தது, அங்கே 14 குறைந்து அழுதது.

இந்தச் சம பங்கு முறை பியானோவோடு வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஃப்ரெட் வாத்தியக்காரர்கள் ரொம்ப முந்தியே அதற்குத் தள்ளப்பட்டுவிட்டார்கள். 1581இல் வின்சென்ஸோ கலிலேய் (விஞ்ஞானி கலிலியோவின் அப்பா, லூட் என்ற பழைய ஐரோப்பியக் கம்பி வாத்தியம் வாசிப்பவர்) ஓர் எளிய வழி எழுதினார்: கம்பி நீளத்தை 18ஆல் வகுத்து முதல் ஃப்ரெட், மீதியை மறுபடி 18ஆல் வகுத்து அடுத்தது. 648 மி.மீ.யில் முதல் ஃப்ரெட் சுளையாக 36 மி.மீ.யில் விழும். இப்படிப் பன்னிரண்டு முறை போனால் ஆக்டேவ் ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும், 12 சென்ட் குறையும். ஆனால் கம்பியை அழுத்தும்போது இழுவிசை கூடி ஸ்வரம் சற்று ஏறுகிறதே, அது இந்தக் குறையில் ஒரு பகுதியை அடைத்துவிடும். கணக்கில் தப்பு, கையில் ஏறக்குறைய சரி. துல்லியமான கணக்கை, அதாவது 2-இன் பன்னிரண்டாம் மூலத்தை, அதே காலத்தில் சீனாவில் மிங் அரச குடும்பத்து ஜூ ட்ஸாய்யூ போட்டுவிட்டார், 1584இல் எழுதியிருக்கிறார்.

ஏன் தள்ளப்பட்டார்கள் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். அந்தக் காலத்து ஆர்கன், ஹார்ப்சிகார்டில் மீன்டோன் என்ற முறை நடந்தது. காந்தாரம் சுத்தமாக இருக்கும். பதிலுக்கு அரை ஸ்வரங்கள் இரண்டு சைஸில் வரும், 76 சென்ட் ஒன்று, 117 சென்ட் ஒன்று. கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் தனிக் கம்பியோ குழாயோ இருப்பதால் தொல்லை இல்லை. கிட்டாரில் முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள்: இ கம்பியில் அது எஃப், அதற்குப் பெரிய அரை ஸ்வரம் வேண்டும், 42 மி.மீ. ஜி கம்பியில் அது ஜி ஷார்ப், அதற்குச் சின்னது வேண்டும், 28 மி.மீ. நேர்கோடாகப் போகும் ஒரே ஃப்ரெட் இரண்டு இடத்திலும் எப்படி இருக்கும்? லூட்டில் ஃப்ரெட் என்பது கழுத்தைச் சுற்றிக் கட்டிய ஆட்டுக்குடல் நரம்பு என்பதால், சிலர் அதைச் சாய்த்துக் கட்டினார்கள். சிலர் இரண்டு கம்பிக்கு மட்டும் சின்னத் துண்டு ஒன்றை ஒட்டினார்கள். இன்றும் பழைய இசை வாசிப்பவர்கள் அப்படிச் செய்வதுண்டு, அந்தத் துண்டுக்கு டாஸ்டினோ என்று பெயர். நெளிந்த ஃப்ரெட்டின் பாட்டன் அதுதான் என்று நான் சொல்வேன்.

நடுவில் ஓர் ஆங்கிலேயரைச் சொல்லாமல் போக மனசில்லை. தாமஸ் பெரோனெட் தாம்ப்சன், ராணுவக்காரர், அரசியல்வாதி. கிட்டார் பலகை முழுக்கத் துளை போட்டு, வேண்டிய கம்பிக்கு வேண்டிய இடத்தில் ஃப்ரெட்டைச் செருகிக்கொள்ளும் கிட்டார் ஒன்றைச் செய்வித்து, அதற்கு ஒரு கையேட்டையும் 1829இல் தன் மகளுக்கு எழுதிய பாடமாகவே வெளியிட்டார். பாட்டின் கீ (ஆதார ஸ்வரம்) மாறினால் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி மறுபடி நட வேண்டும். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ!

இப்போது நீங்கள் பார்த்த நெளிந்த ஃப்ரெட். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் திடெல் உருவாக்கியது, ட்ரூ டெம்பரமென்ட் என்ற பெயரில் வருகிறது. அதன் யோசனை எளிது: ஆறு கம்பி, இருபத்து நாலு ஃப்ரெட் என்றால் 144 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கம்பிக்கு ஃப்ரெட் எங்கே இருக்க வேண்டும் என்று தனித்தனியாகத் தீர்மானித்து, அந்தப் புள்ளிகளை ஒரே உலோகக் கோடாக இணைத்தால் அது நெளியாமல் என்ன செய்யும்? ஜி, பி கம்பிகளுக்கு அடியில் நெளிவு அதிகம் தெரிவது தற்செயல் இல்லை.

அது இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்கிறது, விளம்பரம் இரண்டையும் குழப்பிவிடுகிறது. ஒன்று, கம்பிகளின் பருமன், விறைப்பு, அழுத்தும்போது ஏறும் இழுவிசை ஆகியவற்றால் கம்பிக்குக் கம்பி வரும் பிழையை ஃப்ரெட் வாரியாகத் திருத்துவது. நேர் ஃப்ரெட் கிட்டாரில் இதற்கு நம்மிடம் இருப்பது சேடிலை முன்பின் நகர்த்துவது மட்டும்தான். அது பன்னிரண்டாவது ஃப்ரெட்டைச் சரிசெய்யும், முதல் மூன்று ஃப்ரெட்டை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. இந்த முதல் வேலையில் நெளிந்த ஃப்ரெட் உண்மையிலேயே கெட்டி.

இரண்டாவது வேலை பங்கு பிரிப்பதை மாற்றுவது. திடெலின் பிரபலமான பங்கீட்டில் கிட்டாரில் அதிகம் புழங்கும் கீகளுக்குச் சலுகை, ஆறேழு ஃப்ளாட் வரும் மூலைக் கீகளுக்குக் கொஞ்சம் தண்டனை. திறந்த ஜி-யைச் சற்று ஏற்றி, பி-யைச் சற்று இறக்கிச் சேர்க்கச் சொல்வார்கள். அதனால் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள காந்தாரம் கொஞ்சம் இனிக்கும். கவனியுங்கள், 41 சென்ட் எங்கும் போகவில்லை. யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பது மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் இ மேஜர், சி மேஜர் சண்டை தணியும், முற்றாக அடங்காது.

குறைகளும் உண்டு. அந்த 144 இடங்களும் ஒரு குறிப்பிட்ட ட்யூனிங்கை மனதில் வைத்துக் கணக்கிட்டவை. வேறு ட்யூனிங்குக்குப் போனால் அந்தத் திருத்தமே புதுப் பிழையாகிவிடும். ஃப்ரெட் தேய்ந்தால் மட்டம் பார்த்துக் கொடுக்கப் பக்கத்துத் தெரு டெக்னீஷியனால் ஆகாது. கீபோர்டும் பாஸும் சம பங்கில் வாசிக்கும் மேடையில், நீங்கள் மட்டும் இனிப்பான காந்தாரத்தோடு நின்றால் உங்களைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சில சென்ட் என்பதால் பெரும்பாலும் தெரியாது, ரெக்கார்டிங்கில் சில சமயம் தெரியும்.

விசிறி ஃப்ரெட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தடித்த கம்பிக்கு நீளம் கூடவும் மெல்லிய கம்பிக்கு நீளம் குறையவும் இருந்தால் இழுவிசை நன்றாக அமையும். பியானோவிலும் ஹார்ப்பிலும் உள்ள ஏற்பாடுதான். ரால்ஃப் நோவாக் 1989இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஆனால் பழைய இங்கிலாந்தின் ஆர்ஃபேரியன் வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட் உண்டு. டிங்வால் நிறுவனத்தின் பல பாஸ் கிட்டார்களில் தடித்த கம்பி 37 அங்குலம், மெல்லியது 34 அங்குலம். ஒவ்வொரு கம்பியையும் தனியாக எடுத்து அளந்தால் அதே 1.0595 தான். கீழ்க் கம்பி கணீரென்று பேசும். டெம்பரமென்ட் துளியும் மாறாது.

வேறு திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். துருக்கியின் டொல்கஹான் சோவுலு 2008இல் வடிவமைத்த கிட்டாரில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிக் குட்டி ஃப்ரெட்டுகள், பள்ளத்தில் ஓடும். நகர்த்தலாம், கூட்டலாம், எடுத்துவிடலாம். மக்காம் எனும் துருக்கிய ராக இசைக்கு அது உயிர். பிறகு மகனோடு சேர்ந்து லெகோ துண்டுகளில் அதே யோசனையைச் செய்து காட்டினார், அந்த வீடியோவைக் கட்டாயம் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் கிங் கிஸர்ட் குழு வழக்கமான ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கால் ஸ்வர ஃப்ரெட்டுகளைச் செருகி வாசித்தது. அமெரிக்காவில் ஆக்டேவை 41 ஆகப் பங்கிட்டு ஒன்றுவிட்டு ஒன்று ஃப்ரெட் போடும் கைட் கிட்டார் இருக்கிறது. இவையெல்லாம் புது ஸ்வரங்களைத் தேடுபவர்களுக்கு. பழைய கார்டு இனிக்க வேண்டும் என்பவர் அங்கே போகத் தேவையில்லை.

உங்கள் கிட்டாருக்கு வருவோம். கிட்டார் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "டெம்பரமென்ட் சரியில்லை" என்று வருகிற கிட்டார்களில் நான் முதலில் பார்ப்பது நட். போன வருஷம் ஒரு பையன் நெளிந்த ஃப்ரெட் கழுத்து ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். திறந்த ஜி ட்யூனரில் பூஜ்யம். முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் ஜி ஷார்ப்புக்குப் பத்து சென்ட் மேலே. நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. கம்பி உயரத்தில் நின்றதால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் வில் போல இழுபட்டது. ஏற்கனவே 14 கூடுதலான காந்தாரத்தின்மேல் இன்னொரு 10. அரம் போட்டுப் பள்ளத்தை இறக்கியதும் இ மேஜரை நாலைந்து தடவை திரும்பத் திரும்ப வாசித்தான், ஒன்றும் பேசவில்லை.

ஆகவே முதலில் திறந்த கம்பியைச் சேர்த்து, முதல் மூன்று ஃப்ரெட்டையும் மென்மையாக அழுத்தி ட்யூனரைப் பாருங்கள். நாலைந்து சென்ட்டுக்கு மேல் ஏறினால் நட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கம்பியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விரல் அழுத்தத்தையும் குறைத்துப் பாருங்கள். பலகையிலிருந்து உயரமாக எழும்பி நிற்கும் ஃப்ரெட்டில் இறுக்கி அழுத்தினாலே பத்து சென்ட் ஏறிவிடும்.

அதற்கப்புறம் செலவில்லாத வழி ஒன்று: பச்சை விளக்கை நம்பாமல் சில சென்ட் தள்ளிச் சேர்ப்பது. ஜேம்ஸ் டெய்லர் தன் அளவுகளை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக 12, 10, 8, 4, 6, 3 சென்ட் கீழே. பி கம்பி தன் இருபக்கக் கம்பிகளைவிட அதிகமாக இறங்கியிருப்பதைப் பாருங்கள், ஜி–பி இடைவெளியை அவர் காது சுருக்கியிருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவர் விரலுக்கும் கேப்போவுக்கும் (கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) அமைந்தது. நீங்கள் ஒரு பாட்டில் எந்தக் கார்டுகளை அதிகம் வாசிக்கிறீர்களோ அவற்றை மாறிமாறி வாசித்து, இரண்டும் சமமாகக் கசக்கும் இடத்தில் ஜி-யை நிறுத்துங்கள்.

கடைசியாகத் தம்புரா. ராகத்தில் ஸட்ஜம் அசையாது, கார்டு மாறாது, எனவே போர்வைச் சண்டை பாதி குறைந்துவிடுகிறது. வீணையில் மேளம் கட்டுகிறவர் (மெட்டுகளைப் பதிப்பவர்) 24 மெட்டையும் மெழுகில் காதால்தான் உட்கார வைக்கிறார். ஸட்ஜக் கம்பியின் அந்தர காந்தார மெட்டு பஞ்சமக் கம்பியில் நிஷாதம். இரண்டுமே சுத்தமாக ஒரே கோட்டில் விழும். ரிஷப மெட்டில் மட்டும் இடறும். ஸட்ஜக் கம்பியில் 9/8 ரிஷபத்துக்கு வைத்த மெட்டு, பஞ்சமக் கம்பியில் 5/3 தைவதத்தைவிட 22 சென்ட் உயரமாக நிற்கும். மெட்டு நேராக இருக்கும்வரை அங்கேயும் தப்பிக்க வழியில்லை. ஆனால் வைணிகர் மெட்டில் வாசிப்பதோடு நிறுத்துவதில்லையே, இழுத்தல்லவா வாசிக்கிறார்.

கிட்டாரிலும் அதுதான் வழி. ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரத்தை ஏற்றலாம், இறக்குவது கஷ்டம். எனவே நாலாவது ஃப்ரெட்டின் 400 சென்ட் காந்தாரத்தை அழுத்தி நிற்காமல், மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக் கம்பியைப் பக்கவாட்டில் இழுங்கள். 300-இலிருந்து ஏறி 386-க்கு வரும்போது தம்புராவோடு இருந்த அதிர்வு மெதுவாகி, மெதுவாகி, ஒரு கணம் நின்றுவிடும். விரலை அங்கே நிறுத்தப் பழக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இழுப்பது கடினமாக இருந்தால் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்த ஸ்காலப் பலகை உதவும். வீணையை அறிந்த ஜான் மெக்லாஃப்லின் 1970களில் சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோரோடு வாசித்த கிட்டார் அப்படிக் குழித்ததுதான். அதில் ஃப்ரெட்டுகள் நேராகவே இருந்தன.